கேட்டுச் சொல்கிறவள்

மார்கழி பிறந்தால் ஹெப்பகோடிச் சந்தையில் அவரைக்காய் மலை மலையாகக் குவிந்துவிடும். பனி குடித்த அவரைக்கு ஒரு வாசனை உண்டு. கன்னடக்காரர்கள் அதைச் சொகடு என்பார்கள். விரலில் ஏறிவிட்டால் சோப்புப் போட்டாலும் போகாது. வேலைக்குப் போகிற பெண்கள் தங்கும் ஒரு லேடீஸ் பி.ஜி.யின் பின்பக்கச் சமையலறையில் வள்ளியம்மாவும் தமயந்தியும் அந்த வாசனைக்கு நடுவில் எதிரெதிரே உட்கார்ந்து கொட்டை பிதுக்கிக்கொண்டிருந்தார்கள். ஊறின கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் பருப்பு துள்ளிப் போய்ப் பாத்திரத்தில் விழும், தோல் விரலோடு நிற்கும். ஒரு வேளைச் சாற்றுக்கு, அதாவது குழம்புக்கு, பெரிய குண்டான் நிறையப் பிதுக்க வேண்டும்.

"அக்கா, சின்ன வயசுல ஊர்ல இதெ பிதுக்கறப்ப எங்கம்மா என்னெ பக்கத்துலயே சேக்காது. பிதுக்கறதுல பாதி வாயில போவுதுன்னு வெரட்டும்," என்றாள் தமயந்தி.

"இப்ப மட்டும் எங்க போவுது?"

"இப்ப கால்வாசிதான்க்கா. பட்டணம் வந்து திருந்திட்டேன்."

வள்ளியம்மா சிரிக்கவில்லை. சிரிப்பு வந்ததுதான், உதட்டுக்கு வருமுன் திருப்பி அனுப்பிவிட்டாள். சில மாதங்களாகவே அப்படித்தான் இருந்தது.

இவர்கள் யார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இரண்டு பேரும் ஓரகத்திகள். மூத்தவன் அய்யாவு ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. அவன் மனைவி வள்ளியம்மா. இளையவன் நாகேஷ் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன்; அவன் மனைவி தமயந்தி. பாலக்கோட்டுப் பக்கத்து ஆட்கள். இரண்டு குடும்பமும் ஹெப்பகோடியில் ஒரே வீட்டில் இருந்தன. வீடு என்றால் ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. அறைக்கு நடுவில் கொடி கட்டி ஒரு பழைய புடவையைத் தொங்கவிட்டிருந்தார்கள். புடவைக்கு இந்தப் பக்கம் அய்யாவு, வள்ளியம்மா, பள்ளிக்கூடம் போகிற மகள் ரக்ஷிதா. அந்தப் பக்கம் சின்னவர்கள். தமயந்தி இருமினால் இந்தப் பக்கம் தூக்கம் கலையும். கல்யாணமாகி நாலு வருஷமாகியும் பிள்ளை இல்லை என்பதற்குத் தமயந்தி அந்தப் புடவையைத்தான் வேடிக்கையாகக் காரணம் சொல்லுவாள். ஒருநாள் மட்டும், துணி துவைக்கும் கல்லருகில், வேடிக்கை இல்லாமல் சொல்லி அழுதாள். வள்ளியம்மாதான் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

பி.ஜி.யை நடத்தியவர் லட்சுமம்மா. துமகூருப் பக்கத்திலிருந்து வந்தவர். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் வராது. வள்ளியம்மா ஆறு வருஷமாக அங்கே சமைக்கிறாள். கன்னடம் தண்ணீர்பட்ட பாடு. தமயந்தி வந்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. சாப்பாட்டுக்கு ஊட்டா, தண்ணீருக்கு நீரு, கொஞ்சத்துக்கு ஸ்வல்ப என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சொற்களை வைத்துக்கொண்டு காலம் தள்ளினாள். அதனால் லட்சுமம்மா தமயந்தியிடம் எதைச் சொல்ல நினைத்தாலும் வள்ளியம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லி, கடைசியில் "கேளி ஹேளு" என்பார். கேட்டுச் சொல் என்று அர்த்தம். லட்சுமம்மா பேசியதும் அவரிடம் வள்ளியம்மா பேசியதும் கன்னடம். இங்கே அதைத் தமிழில் எழுதுகிறேன்.

நடுவில் நிற்கிற வேலை முதலில் வள்ளியம்மாவுக்குப் பெருமையாக இருந்தது. உப்பு ஒருநாள் தூக்கலாகிவிட்டது என்று லட்சுமம்மா சொன்னால் அதை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தாள். எண்ணெயைக் குறைக்கச் சொன்னால் அதையும் சேர்த்தாள். பிறகு வேறு மாதிரியான வார்த்தைகள் வரத் தொடங்கின.

"நேற்றைய சாறு யார் வைத்தது? உன் தங்கையா? மேல்மாடிப் பெண்கள் தட்டை வழித்தார்களாம். அவளிடம் சொல்."

"சொல்றேன்ம்மா," என்றாள் வள்ளியம்மா. சமையலறைக்குப் போகிற வழியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதைத் தாண்டுவதற்குள் அந்த வார்த்தையை விழுங்கிவிட்டாள்.

"என்னாக்கா சொன்னாங்க?"

"எண்ணெ ஜாஸ்தியாம்."

முதல் முறை அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். இரண்டாம் முறை பார்த்தே சொன்னாள். வைட்ஃபீல்டுக்கு வேலை மாறிப் போன ஒரு பெண், அங்கே சாப்பாடு பிடிக்காமல் ஷட்டில் பஸ்ஸில் இடிபட்டுக்கொண்டு இங்கேயே திரும்பி வந்தாள். அந்த விஷயமும் தொட்டியைத் தாண்டவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். அய்யாவு டிபன் பாக்ஸைத் திருப்பிக் கொண்டுவரும்போது கழுவினது போல இருந்தால் அன்று தமயந்தி சமையல் என்று அர்த்தம். "இன்னிக்கு யாரு குழம்பு?" என்று ரக்ஷிதா தட்டின் முன் உட்காருமுன் கேட்பாள். அம்மா குழம்பு என்றால் தயிரை எடுத்து முன்னால் வைத்துக்கொள்வாள். குழந்தை வேண்டுமென்று செய்வதில்லை. அது வள்ளியம்மாவுக்கும் தெரியும். தெரிந்து என்ன, அந்தத் தயிர்க் கிண்ணம் தரையில் வைக்கப்படும் சத்தம் அவள் காதுக்குள்ளேயே இருந்தது.

மார்கழி நடுவில் ஒருநாள் லட்சுமம்மா அவளை முன்வராந்தாவுக்குக் கூப்பிட்டார். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும் கலப்பதற்காகக் கொப்பரையைப் பல் பல்லாக நறுக்கிக்கொண்டிருந்தார். 

"சந்தாபுரத்தில் கட்டிக்கொண்டிருந்தோமே, அது முடிந்துவிட்டது. சங்கராந்தி ஹப்பம் கழிந்ததும் பெண்கள் வந்துவிடுவார்கள். அந்தச் சமையலறையை உன் தங்கை பார்த்துக்கொள்ளட்டும். மாடியில் தனி அறை இருக்கிறது. குழாய், பாத்ரூம் எல்லாம் தனி. அவளும் அவள் கணவனும் அங்கேயே இருந்துகொள்ளலாம். கேட்டுச் சொல்."

வள்ளியம்மா முறத்தையே பார்த்தாள். "அவளாம்மா?"

"நீ இங்கே பழகியவள். உன் பெண்ணின் பள்ளிக்கூடமும் பக்கத்தில். அதோடு, உள்ளதைச் சொல்கிறேன், புது இடம் பேர் எடுக்க வேண்டும். அவள் கை நல்ல கை."

தனி அறை. புடவைத் திரை இல்லாத அறை. வள்ளியம்மாவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒன்று வாய்த்ததில்லை. 

"அவ வரமாட்டாம்மா," என்றாள்.

"கேட்காமலேயா?"

"அவ புருசன் வுடமாட்டான்."

"அவனை வரச்சொல். என் வீட்டுக்காரர் பேசுவார்."

"இல்லம்மா, ஊருக்குப் போறேன்னு சொல்லிக்கினு இருக்கா."

"போய்விட்டு வரட்டும். நான் காத்திருக்கிறேன். என்ன அவசரம்?"

ஒவ்வொரு கதவாகச் சாத்தச் சாத்த லட்சுமம்மா சிரித்துக்கொண்டே திறந்தார். கடைசியில் திறக்க முடியாத ஒன்று வேண்டியிருந்தது. 

"அவளுக்கு இது மூணாம் மாசம்மா."

சொன்ன பிறகுதான் வள்ளியம்மாவுக்கே அது காதில் விழுந்தது. லட்சுமம்மா கத்தியைக் கீழே வைத்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை.

"நாலு வருஷம் என்றாயே. நல்லது, நல்லது. அப்படியானால் புது இடத்துப் பாரம் வேண்டாம். இங்கேயும் பெரிய அண்டாவைத் தூக்க விடாதே. நான் வேறு ஆளுக்குச் சொல்லிவிடுகிறேன்."

அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு டம்ளர் பால் சமையலறைக்கு வந்தது. "காச்சினது மிச்சமாம், உன்னெ குடிக்கச் சொன்னாங்க," என்றாள் வள்ளியம்மா. தமயந்திக்குப் பால் பிடிக்காது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். சோற்று அண்டாவை வள்ளியம்மா ஒருத்தியே அடுப்பிலிருந்து இறக்கினாள். லட்சுமம்மா எந்த நேரம் எட்டிப் பார்ப்பாரோ என்ற பயம். இடுப்பு விட்டுப்போனது.

"ஏன்க்கா ஒத்தையா தூக்கறே? நான் ஒரு பக்கம் புடிக்கறேன்."

"வேணாம். நீ தள்ளு."

"உனக்கு என்மேல எவ்ளோ பாசம்க்கா," என்றாள் தமயந்தி. "நாகேசுகிட்டகூட சொன்னேன். எங்கம்மா இருந்தாகூட இப்டி பாத்துக்காதுன்னு."

வள்ளியம்மா அடுப்பைக் குறைக்கத் திரும்பிக்கொண்டாள். 

சங்கராந்தியன்று பி.ஜி.யில் பாதிப் பெண்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். மத்தியானப் பந்தி சீக்கிரம் முடிந்தது. லட்சுமம்மா இரண்டு பேரையும் வராந்தாவுக்கு வரச்சொன்னார். எள்ளுவெல்லப் பொட்டலமும் கரும்புத் துண்டும் ஆளுக்கொன்று கொடுத்தார். பிறகு தமயந்தியை மட்டும் மணையில் உட்காரவைத்தார். அவள் முந்தானையை விரிக்கச் சொல்லிக் கையால் காட்டினார். அரிசியை இரண்டு கையாலும் அள்ளி அவள் மடியில் போட்டார். அதன் மேல் தேங்காய், அச்சுவெல்லம், வெற்றிலைப் பாக்கு, பச்சை வளையல், ரவிக்கைத் துணி. மஞ்சளைக் கன்னத்தில் பூசினார். கடைசியாக அவள் வயிற்றின் மேல் உள்ளங்கையை மெல்ல வைத்துக் கன்னடத்தில் சொன்னார்:

"நல்லபடியாகப் பெற்றெடு. தாய் இல்லாதவள் என்று கேள்விப்பட்டேன். பிறந்த வீட்டில் செய்வதை நான் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்."

தமயந்தி மடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "என்னாக்கா சொல்றாங்க?"

வராந்தாவில் வெயில் நன்றாக விழுந்திருந்தது. லட்சுமம்மா வள்ளியம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். சொல்லு, சொல்லு என்கிற மாதிரி.

"வயித்துக்கு நல்லா சாப்புடணும்னு சொல்றாங்க."

"அதுக்கா இவ்ளோ?"

"சங்கராந்திக்குக் குடுக்கறது. வாங்கிக்கோ."

தமயந்தி அப்படியே குனிந்து லட்சுமம்மாவின் காலைத் தொட்டாள். எழுந்தபோது கண் நிறைந்திருந்தது. லட்சுமம்மாவுக்கும் நிறைந்திருந்தது. இரண்டு பேரும் வெவ்வேறு காரணத்துக்காக அழுதார்கள். காரணம் இரண்டும் வள்ளியம்மாவிடம் இருந்தது.

வீடு திரும்பும்போது வள்ளியம்மா பூ வாங்கப் பின்தங்கிவிட்டாள். தமயந்தி மடியோடு வரிசை வீட்டுக் குழாயடியைத் தாண்டினாள். அங்கே குடத்தை வைத்துக்கொண்டு நின்றவள் சோஃபியா. கோலார் தங்கவயலில் பிறந்தவள், தமிழும் கன்னடமும் ஒன்றுபோலப் பேசுவாள்.

"என்னாடி மடியெல்லாம் ரொப்பிக்கினு வர்றே? காட்டு பாக்கலாம்." எட்டிப் பார்த்தவள் குடத்தைக் குழாய்க்குக் கீழேயே விட்டுவிட்டாள். "அடிப்பாவி, மடிலக்கியா? சொல்லவே இல்ல. எத்தினி மாசம்?"

"என்னா மாசம்?"

"ஒளிக்காதெ. நானும் பெத்தவதான்."

"சங்கராந்திக்குக் குடுத்தாங்க சோஃபியாக்கா."

"சங்கராந்திக்கு எள்ளுதான் குடுப்பாங்க. அரிசி, தேங்கா, வளையல் வெச்சு மடியில கட்டறது வூட்டுப் பொண்ணுக்கு. இல்லாங்காட்டி புள்ளத்தாச்சிக்கு. நீ என்னா அவங்க வூட்டுப் பொண்ணா?"

குடம் நிரம்பி வழிந்தது. தமயந்தி தன் வயிற்றின் மேல் இருந்த அந்தக் கையை நினைத்துக்கொண்டாள்.

வள்ளியம்மா பூவோடு உள்ளே வந்தபோது அய்யாவு வாசற்படியில் கரும்பு சீவிக்கொண்டிருந்தான். நாகேஷ் ஷிஃப்டுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். ரக்ஷிதா தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். தமயந்தி மடியில் இருந்ததையெல்லாம் முறத்தில் கொட்டி அறை நடுவில் வைத்திருந்தாள். 

"அக்கா, இது என்னா?"

"அதான் சொன்னேனே."

"உனக்கு ஏன் கட்டல?"

"நீ சின்னவ."

"எனக்குக் கன்னடம் தெரியாது. அவங்களுக்குத் தமிழ் தெரியாது. நான் புள்ளத்தாச்சின்னு அவங்களுக்கு யாரு சொன்னது? நடுவுல நீ ஒருத்திதானக்கா இருக்கே."

நாகேஷின் கை பொத்தானில் நின்றது. வள்ளியம்மா பூப்பொட்டலத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"நான்தான் சொன்னேன்."

"ஏன்?"

"சந்தாபுரத்துப் புதுக் கட்டடத்துக்கு உன்னெ சமைக்கக் கேட்டாங்க. மேல ரூமு தர்றேன்னாங்க. நீ வரமாட்டேன்னு சொன்னேன். அவங்க வுடல. அப்புறம் அதெச் சொன்னேன்."

"ரூமோடவா கேட்டாங்க?" என்றான் நாகேஷ். அவனுக்கு அது ஒன்றுதான் காதில் விழுந்தது போல. "தனி ரூமா அண்ணி?"



"என்னெ ஏன்க்கா கேட்டாங்க?" என்றாள் தமயந்தி. "நான் வெக்கறதுல உப்பு ஜாஸ்தி, எண்ணெ ஜாஸ்தின்னுதான சொல்வாங்க. நான் தெனமும் பயந்துக்கினுதான் போறேன், என்னிக்கு நிறுத்துவாங்களோன்னு."

"அவங்க அப்டி எப்பவோ ஒருநாள் சொன்னாங்க. மத்ததெல்லாம் நல்ல வார்த்தெ. நான் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"ஏன் சொல்லணும்?" வள்ளியம்மாவின் குரல் திடீரென்று உயர்ந்தது. "ஆறு வருசம் அந்த அடுப்புல வெந்தேன். ஒருத்தி வந்து அக்கா நல்லாருக்குன்னு சொல்லல. நீ வந்தே. ஒரு சாறு வெச்சே. அவ தட்டெ வழிச்சா, இவ திரும்பி வந்தா, அல்லாம் எங்கிட்ட வந்துதான் சொல்றாங்க. கடுதாசி போடறவன் மாதிரி நான் நிக்கறேன். வர்றதெல்லாம் பக்கத்து வூட்டுக்கு. எனக்குனு ஒண்ணு வர்ல. இந்த வூட்லயும் அதான். எம்புருசன் டப்பாவ வழிச்சிக்கினு வர்றாரு. நான் பெத்தது தயிரெ எடுத்து வெச்சிக்குது."

அய்யாவு தலையைக் குனிந்துகொண்டு கரும்பைச் சீவினான். சீவத் தேவையில்லாத இடத்தையும் சீவினான்.

தமயந்தி முறத்தில் இருந்த பச்சை வளையலைத் தொட்டாள். "அது சரிக்கா. பொறாமெ வரும். எனக்கும் வந்துக்குது. ரக்ஷிதா உன் மடியில தல வெச்சிக்கினு டிவி பாக்கறப்பல்லாம் வரும். ஆனா பொய் சொல்ல உனக்கு வேற ஒண்ணும் கெடைக்கலியா? எனக்கு டிபின்னு சொல்லியிருக்கலாம். திருடறேன்னு சொல்லியிருக்கலாம். துணி தோய்க்கற எடத்துல உங்கிட்ட மட்டும் சொன்னேனே, அதெயா எடுக்கணும்?"

வள்ளியம்மா சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். தெருவில் யாரோ மாட்டுக்கு மஞ்சள் பூசி மணி கட்டி ஓட்டிக்கொண்டு போனார்கள். 

அய்யாவு கத்தியை மடக்கினான். "இதெ பெருசாக்க வேணாம். ஆனது ஆச்சு. நாலு நாள் லீவு போட்டுட்டு, கலைஞ்சுபோச்சுன்னு சொல்லிடலாம். வள்ளி பேரும் கெடாது. அந்தம்மாவும் பாவம்னு அந்த வேலெயெ உனக்கே குடுக்கும். யாருக்கும் பேஜாரு இல்ல."

அது நடக்கக்கூடிய யோசனைதான். நாகேஷ் மனைவியைப் பார்த்தான். வள்ளியம்மாவும் தலையைத் தூக்கினாள். 

"இல்லாத புள்ளயெ அக்கா உண்டாக்குச்சு," என்றாள் தமயந்தி. "அதெ நீங்க சாவடிக்கணுமா மாமா?"

அய்யாவு எழுந்து வெளியே போய்விட்டான்.

"நாளைக்குக் காலையில நான் அந்தம்மாகிட்ட போறேன். அக்கா, நீயும் வர்றே."

"சோஃபியாவெ கூட்டிக்கினு போ தமயந்தி. அது நல்லா பேசும். நான் எந்த மூஞ்செ வெச்சிக்கினு..."

"சொன்னது நீ. நீயே சொல்லு. அவங்களுக்கு ஒரு வாட்டி, எனக்கு ஒரு வாட்டி. நடுவுல எதுவும் வுடக் கூடாது. சேக்கவும் கூடாது."

மறுநாள் பனி இறங்கி எதிர்ச் சுவர் தெரியவில்லை. காலைச் சமையலை இரண்டு பேரும் வழக்கம்போலவே செய்தார்கள். சித்ரான்னத்துக்கு எலுமிச்சை பிழிந்தது வள்ளியம்மா, தாளித்தது தமயந்தி. பேச்சு இல்லை. அண்டாவை இறக்கும் நேரம் வந்தபோது தமயந்தி வந்து ஒரு பக்கம் பிடித்தாள். பெண்கள் சாப்பிட்டு, பையை மாட்டிக்கொண்டு, ஆபீஸ் வண்டிக்கு ஓடினார்கள். அதற்குப் பிறகு முன்வராந்தாவுக்குப் போனார்கள்.

லட்சுமம்மா பண்டிகைப் பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். தமயந்தியைக் கண்டதும் உட்காரச் சொல்லி மணையைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"அம்மா, நான் பொய் சொன்னேன்," என்று வள்ளியம்மா கன்னடத்தில் தொடங்கினாள். "இவள் வயிற்றில் பிள்ளை இல்லை. எப்போதும் இருந்ததில்லை." பிறகு தமயந்தியின் பக்கம் திரும்பினாள். "நான் பொய் சொன்னேன்னு சொன்னேன். உன் வயித்துல புள்ள இல்லன்னு, எப்பவும் இருந்ததில்லன்னு சொன்னேன்."

தமயந்தி அவள் வாயைப் பார்க்கவில்லை. லட்சுமம்மாவின் முகத்தைத்தான் பார்த்தாள். வள்ளியம்மா சொன்னது அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது தெரிந்தது. 

லட்சுமம்மா கையிலிருந்த துணியை மடித்தார். திரும்பப் பிரித்து மடித்தார். "ஹப்பத்தன்று என் கையால் அவள் மடியில் கட்டினேன். நீ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்."

"ஹப்பத்தன்னிக்கு அவங்க கையால உன் மடியில கட்டினாங்களாம். நான் பக்கத்துல நின்னு பாத்தேனாம்."

"பொறாமையா?"

"ஹௌதம்மா." வள்ளியம்மா திரும்பினாள். "பொறாமெயான்னு கேக்கறாங்க. ஆமான்னு சொன்னேன்."

"அவள் சமையலைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் அவளிடம் சொன்னாயா?"

"இல்லைம்மா."

"இப்போது சொல். என் முன்னால்."

வள்ளியம்மா சொன்னாள். தட்டை வழித்ததைச் சொன்னாள். வைட்ஃபீல்டிலிருந்து திரும்பி வந்த பெண்ணைச் சொன்னாள். ஊரிலிருந்து வந்த லட்சுமம்மாவின் அண்ணன் பிதுக்கின பருப்புச் சாற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கியதைச் சொன்னாள். நல்ல கை என்றதையும் சொன்னாள். எதையும் அவள் மறந்திருக்கவில்லை. விழுங்கினது ஒவ்வொன்றும் வார்த்தை மாறாமல் உள்ளே இருந்தது. தமயந்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

லட்சுமம்மா கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். "சந்தாபுரத்துக்குச் சொன்ன ஆள் இன்னும் வரவில்லை. வேண்டாம் என்று போன் செய்துவிடலாம். இவளுக்கு இஷ்டமா? கேட்டுச் சொல்."

"அந்த வேலெ இன்னும் இருக்குதாம். ரூமோட. உனக்கு இஷ்டமான்னு கேக்கறாங்க."

"வர்றேன்னு சொல்லு."

"நல்லா யோசிச்சியா? புது எடம்."

"அது அவங்க கேட்டதா, நீ கேக்கறியா?"

"நான் கேட்டது."

"வர்றேன்னு சொல்லு."

அவள் வருகிறாள் என்று வள்ளியம்மா கன்னடத்தில் சொன்னாள். லட்சுமம்மா தலையசைத்தார். பிறகு, "உன்னை நான் என்ன செய்வது?" என்றார். கோபம் குறைந்து, ஆயாசம்தான் அந்தக் குரலில் இருந்தது. "ஆறு வருஷம். வைத்துக்கொள்வதா, வேண்டாமா? அதையும் அவளிடமே கேட்டுச் சொல்."

பாத்திரங்களின் மேல் இருந்த ஈரம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. தமயந்தி காத்திருந்தாள். கடைசியில் வள்ளியம்மா அவளைப் பாராமல் சொன்னாள்.

"என்னெ வெச்சுக்கறதா வேணாமான்னு உன்னெ கேக்கச் சொல்றாங்க."

தமயந்தி வள்ளியம்மாவின் கைகளைப் பார்த்தாள். 

"இங்கயே இருக்கட்டும். அக்கா சமையலுக்கு ஒண்ணும் கொறை இல்ல. ஆனா இனிமே எனக்காக அது பேச வேணாம். தப்போ சரியோ, நானே பேசிக்கறேன்."

வள்ளியம்மா முதல் பாதியைச் சொன்னாள். லட்சுமம்மா சரி என்று கையை அசைத்துப் பாத்திரங்களின் பக்கம் திரும்பிவிட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். தமயந்திக்குத் தெரியப் போவதில்லை.

"இன்னும் இருக்கிறதும்மா," என்றாள் வள்ளியம்மா.

மற்றப் பாதியையும் சொன்னாள். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. லட்சுமம்மா அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தமயந்தியைப் பக்கத்தில் வரச்சொல்லி, குழந்தைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

"திண்டி ஆய்த்தா?"

காலையில் சாப்பிட்டாயா என்று. தமயந்தி வழக்கம்போல வள்ளியம்மாவின் பக்கம் திரும்பப் போனாள். திரும்பவில்லை. லட்சுமம்மாவின் உதட்டையே பார்த்து யோசித்தாள்.

"ஆய்த்தும்மா," என்றாள்.

அவள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது வள்ளியம்மாவுக்குத் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை.